எவிடென்ஸைத் தொட்டுறாதீக

மனிதர்களில் இப்படி ஒரு வகை உண்டு. ஹோட்டலில் உங்கள் தட்டில் வந்த தோசை ஓரத்தில் கொஞ்சம் கருகியிருக்கும். நீங்கள் பசியில் பாதியைத் தின்றும் முடித்திருப்பீர்கள். பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்து, சர்வரைக் கூப்பிட்டு, சர்வருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிட்டு, கல்லாவில் இருப்பவரையும் எழுப்பி வரவழைத்து, உங்கள் தோசையின் மிச்சத்தை ஊருக்கே தூக்கிக் காட்டுவார் ஒருவர். பஸ்ஸில் கண்டக்டர் உங்களுக்குத் தர மறந்த சில்லறையை உங்களுக்காகக் கேட்டு, நீங்கள் இறங்க வேண்டிய இடத்தில் உங்களை இறங்கவும் விடாமல், அடுத்த ஸ்டாப் வரைக்கும் வழக்கு நடத்துவார். நஷ்டம் உங்களுடையது. சண்டை அவருடையது. நீங்கள் வெறும் பாதிக்கப்பட்டவர். ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும்.

இவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. இரண்டே வாக்கியத்தில் வெளிப்பட்டுவிடுவார். முதலாவது, "நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்." இரண்டாவது, "விட்டுறாதீக."

எதை விடக் கூடாது, ஏன் விடக் கூடாது, விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் சமையல் யார் செய்வது? இதெல்லாம் சின்னக் கேள்விகள். அவர் காதில் விழாது.

எங்கள் தேனி அல்லிநகரத்துத் தெருவில் அந்த வகையின் நன்கு முற்றிய மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் கர்ணன். ஐம்பதை ஒட்டிய வயது. பெயருக்கு ஒரு எலெக்ட்ரிக்கல் கடை உண்டு. அதில் உட்கார்ந்து வயரும் சுவிட்சும் விற்பது அவர் மனைவி பாண்டியம்மாள். கர்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். எங்கேனும் யாருக்கேனும் ஏதேனும் அநியாயம் நடந்திருக்கிறதா என்று பார்ப்பார். தேனி போன்ற ஊரில் ஒருவர் தேடிப் போனால் கிடைக்காமலா போகும்?

இந்தத் தெருவுக்குத்தான் போடியிலிருந்து குடிவந்தார்கள் ஷீபாவும் ஜோயலும்.

ஜோயல் சொட்டுநீர்க் குழாய் கம்பெனியின் ஆள். ஓடைப்பட்டி, கம்பம் என்று திராட்சைத் தோட்டங்களிலேயே பொழுது போகும். யாரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத மனிதர். ஷீபாவின் தொழில் எம்ப்ராய்டரி. கையால் அல்ல, கம்ப்யூட்டர் வைத்த மிஷின். டிசைனைக் கொடுத்துத் துணியைப் பிரேமில் மாட்டினால், மயிலும் கொடியும் தானே விழும். அந்த மிஷினுக்கு வெளிச்சமான முன்னறை வேண்டும் என்பதற்காகத்தான் வீடே மாற்றினார்கள். வந்து இறங்குவதற்கு முன்பே பெரிய ஆர்டர் ஒன்றும் கையில் இருந்தது. தேவதானப்பட்டி சொர்ணலதா தன் மகள் கல்யாணத்துக்கு மணப்பெண்ணுக்கும் உறவுப் பெண்களுக்குமாக ஜாக்கெட் துணிகளைப் பையோடு கொடுத்திருந்தார். புது ஊரில் பெயரெடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று ஷீபா நினைத்தாள். நினைத்தது சரிதான்.

லாரி வந்தது. பின் கதவைத் திறந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம் தோளில் தூங்கி விழுவாரே, அதுபோல ஃபிரிட்ஜ் மிஷின் மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே மெத்தையைக் கொடுத்துக் கட்டியிருக்க வேண்டும். மெத்தை எல்லாவற்றுக்கும் மேலே சொகுசாகப் படுத்துக்கொண்டு வந்திருந்தது. கோடாங்கிபட்டி வேகத்தடையில் வண்டி ஒரு தூக்குத் தூக்கியதாக டிரைவரே ஒப்புக்கொண்டார்.

ஷீபா லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். மிஷினை உள்ளே இறக்கச் சொன்னாள். பிளக்கைச் செருகினாள். பிரேமைப் பிடித்து அசைக்கிற கை வளைந்திருந்தது. அது ஒருமுறை கரகரவென்று நகரப் பார்த்தது, பீப் அடித்தது, நின்றது. ஷீபா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். ஜோயல் அவளுக்குப் பின்னால் போய் நின்று, "பார்த்து ஏத்தியிருக்கக் கூடாதாப்பா" என்று லாரிக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். அவர் கோபத்தின் உச்சமே அதுதான்.

அந்த லாரிக் கம்பெனி உத்தமபாளையத்து அல்தாப் நடத்துவது. இரண்டு வண்டி, பத்துப் பன்னிரண்டு ஆட்கள். ஷீபா போன் போட்டதும், "அக்கா, நான் கெளம்பி வந்துர்றேன்" என்றார் அல்தாப். வேறு யாராவதாக இருந்தால் போனை அணைத்துவிட்டிருப்பார்கள். அல்தாப் உத்தமபாளையத்திலிருந்து வந்து சேர்வதற்குள், நாலு வீடு தள்ளி இருந்த கர்ணன் வந்து சேர்ந்துவிட்டார்.

"ஏத்தும்போது மிஷின் நல்லா ஓடிச்சா ஆத்தா?"

"ஓடிச்சுண்ணே. காலையிலகூட ஒரு பூ போட்டுப் பார்த்தேன்."

"அப்ப இது ஆக்ஸிடென்ட் இல்ல. நெக்லிஜென்ஸ்."

அந்தச் சொல்லைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகத்தில்கூட வராது. போட்டோ எடுத்தார். முன்னால் இருந்து, பின்னால் இருந்து, நாற்காலியில் ஏறி மேலே இருந்து. தேதி தெரிய அன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து ஒன்று. ஜோயலை நிறுத்தி இன்னொன்று. "முகத்தக் கொஞ்சம் வருத்தமா வைங்க தம்பி. பழகுன ஆளு மாதிரி சிரிக்கிறீகளே." அப்புறம் கட்டிலில் விரிக்க எடுத்து வைத்திருந்த நல்ல பெட்ஷீட்டை எடுத்து மிஷினை மூடி, கொடிக்கயிற்றால் நாலு பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இனிமே இது மிஷின் இல்ல. எவிடென்ஸ். யாரும் தொட்டுறாதீக."

அல்தாப் வந்தார். பெட்ஷீட்டின் ஓரத்தைத் தூக்கி மட்டும் பார்க்க அனுமதி கிடைத்தது. பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"எங்க பயலுக தப்புதாங்க்கா. மெத்தைய நடுவுல குடுங்கடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், மேல போட்டுட்டாய்ங்க. மதுரையில இந்த மிஷினுக்குன்னே ஒரு மெக்கானிக் இருக்காரு. நாளைக்கே கூட்டியாந்து சரி பண்ணித் தர்றேன். செலவு என்னோடது."

ஷீபாவின் முகம் தெளிந்தது. "சரிங்கண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்தாள். 'ச' கூட வெளியே வரவில்லை.

"கேட்டீகளா, தப்ப ஒத்துக்கிட்டாரு" என்றார் கர்ணன். "ஆனா சரி பண்ணக் கூடாது."

"ஏண்ணே?"

"சரி பண்ணிட்டா எவிடென்ஸ் போயிரும். எவிடென்ஸ் போனா கேஸ் போயிரும்."

"கேஸ் எதுக்குண்ணே? மிஷின் ஓடுனாப் போதுமே."

கர்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்கள மாதிரி நல்லவுகளாலதான் ஆத்தா நாடு இப்படிக் கெடக்கு."

நாடு கெட்டதற்கு ஷீபாதான் காரணம் என்று அதுவரை அவளுக்கே தெரியாது.

மறுநாள் அல்தாப் சொன்னபடி மெக்கானிக்கோடு வந்தார். கர்ணன் வாசலிலேயே மறித்து நின்றார். கம்பெனிக்காரர் கூட்டி வந்த மெக்கானிக் கம்பெனிக்குச் சாதகமாகத்தான் பார்ப்பார். ரெண்டு பக்கமும் சேராத மெக்கானிக்தான் வேண்டும் என்றார். மிஷின் ரிப்பேரில் நடுநிலையாளர் என்று ஒருவர் இருக்கிறாரா? ஷீபா எல்லோருக்கும் டீ போட்டாள். மெக்கானிக் டீயைக் குடித்துவிட்டு மதுரைக்கே பஸ் ஏறிப் போனார். அடுத்த முறையும் வந்தார். அப்போதும் டீ குடித்தார். நல்ல மனிதர்; டீயைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

ஷீபா ஏன் சும்மா இருந்தாள் என்று கேட்பீர்கள். புதிதாகக் குடிவந்த வீட்டில் ஒரு பல்ப் எரியவில்லையென்றால் ஏணி கொண்டுவந்தவர் கர்ணன். பால்காரரைப் பேசிவிட்டவர் கர்ணன். சமையல் கேஸ் கனெக்ஷனை மாற்றுவதற்கு ஜோயலோடு கூடவே அலைந்தவரும் அவர்தான். அதற்கெல்லாம் ஒரு டீக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவரிடம் 'நீங்கள் போய்விடுங்கள்' என்று எப்படிச் சொல்வது? கெட்டவர் என்றால் கதவைச் சாத்தலாம். உதவி செய்கிறவரை என்ன செய்வீர்கள்?

பெட்ஷீட் மேல் தூசி படிந்தது. காற்றுக்காலம் வேறு. ஷீபா தினமும் காலையில் முன்னறையைக் கூட்டுவாள். எவிடென்ஸைச் சுற்றிக் கூட்டுவாள்.

ஒருநாள் சொர்ணலதா போன் செய்தார்.

"ஏந்தாயி, ஜாக்கெட்டெல்லாம் எப்பப் பாக்க வரட்டும்?"

"இல்லக்கா, மிஷின் மேல ஒரு கேஸு இருக்கு. அதான் கொஞ்சம்…"

"மிஷின் மேல கேஸா? அது என்ன செஞ்சுச்சு?"

ஷீபா நடந்ததைச் சொன்னாள். சொர்ணலதா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தாயி, உன் கஷ்டம் புரியுது. ஆனா என் மக கேஸுக்கட்டப் போத்திக்கிட்டு மணவறையில உக்கார முடியாதுல்ல. இந்த வாரத்துக்குள்ள வேலைய ஆரம்பிக்கலன்னா ஆள் அனுப்பித் துணிய வாங்கிக்கிறேன். பெரியகுளத்துல ஒரு பிள்ள செஞ்சு தர்றேன்னு சொல்லுது. வருத்தப்படாத."

வருத்தப்படாதே என்று சொன்னால் வருத்தம் போய்விடுமா? ஷீபா ஜோயலைக் கூப்பிட்டாள். "நீங்க போயி அந்தண்ணன்ட்டச் சொல்லிட்டு வாங்க. கேஸு வேண்டாம், மிஷினச் சரி பண்ணப் போறோம்னு நறுக்குன்னு சொல்லுங்க." ஜோயல் சட்டையைப் போட்டுக்கொண்டு, தைரியத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீகளா?"

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனுநாள். கூட வரணுமாம்."

சொல்லப் போனவர், மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த மனுவுக்குச் சாட்சியாக என்னையும் வரச் சொன்னார் கர்ணன். ஷீபாவின் எதிர்வீட்டில் இருப்பவன் என்ற தகுதியால். லாரி வந்து நின்றதையும் திரும்பிப் போனதையும் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை. அதையே உருக்கமாகச் சொன்னால் போதும் என்றார். திங்கட்கிழமை காலை எனக்குக் கால்வலி வந்துவிட்டது. அந்தக் கால்வலிக்கு நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு எதிர்வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்க முடியாது.

கர்ணனின் வண்டி ஜோயலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பியதும், ஷீபா வாசலுக்கு வந்து நின்று போனை எடுத்தாள்.

"அல்தாப் அண்ணே, மெக்கானிக்கக் கூட்டிக்கிட்டு இப்ப வர முடியுமா?"

அந்தப் பக்கம் அல்தாப் ஏதோ கேட்டார் போலிருக்கிறது.

"இல்ல, அந்தண்ணன் இல்ல. உங்க மேல மனு குடுக்கப் போயிருக்காக. அதுக்குள்ள வந்துருங்க."

நல்லவேளை, மெக்கானிக் வேறு வேலையாகச் சின்னமனூர் வந்திருந்தார். இருவரும் காரில் வந்து இறங்கினார்கள். அல்தாப் வீட்டுக்குள் நுழையும்போது தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். திருட வந்தவர்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கால்வலியோடு நானும் போனேன். கொடிக்கயிற்றின் முடிச்சு அவிழவே இல்லை. பல்லால் கடித்துப் பார்த்தார் அல்தாப். ஷீபா நூல் வெட்டும் கத்தரியை எடுத்து வந்து நறுக்கென்று வெட்டினாள். ஜோயல் சொல்ல வேண்டிய 'நறுக்'கை அவளே சொல்லிவிட்டாள்.

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். வளைந்த கையை எடுத்துவிட்டுப் புதிதை மாட்டத் தொடங்கினார். அல்தாப் குனிந்து செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் போனே அடித்தது. குனிந்தபடியே ஸ்பீக்கரில் போட்டார்; கர்ணனின் குரல் கணீரென்று கேட்டது.

"கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். உங்க மேல மனு குடுத்தாச்சு."

"சரிங்கண்ணே" என்றார் அல்தாப்.

"இனிமே நீங்களே ஓடி வருவீக பாருங்க."

"வந்துருவேண்ணே."

"இப்ப எங்கன இருக்கீக?"

அல்தாப் எங்களைப் பார்த்தார். ஷீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேலையா இருக்கேண்ணே" என்றார். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

மிஷின் ஓடியது. முதலில் ஒரு வெள்ளைத் துணியில் சின்னதாக ஒரு பூ. ஷீபா அதை விரலால் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை. சொர்ணலதாவின் பையைத் திறந்தாள், மணப்பெண்ணின் அரக்கு நிறப் பட்டுத் துணியை எடுத்தாள், பிரேமில் மாட்டினாள். வந்தவர்களுக்கு டீ போட வேண்டும் என்பதே மறந்துபோனது. முதல்முறையாக அந்த மெக்கானிக் அந்த வீட்டில் டீ குடிக்காமல் வேலை பார்த்துவிட்டுப் போனார்.

கர்ணனும் ஜோயலும் திரும்பியபோது தெருவிலேயே மிஷின் சத்தம் கேட்டது. ஜோயல் வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கர்ணன் உள்ளே போனார். பெட்ஷீட் நாற்காலியில் சுருண்டு கிடந்தது. மிஷின் தன் பாட்டுக்கு மயிலின் தோகையைப் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன ஆத்தா இது?"

ஷீபா எழுந்து நின்றாள். "சரி பண்ணிட்டோம்ணே. நாளாயிட்டே போச்சு. அந்தக்கா துணியத் திருப்பிக் கேட்டுட்டாக. நீங்க எங்களுக்காக அலைஞ்சீக, இல்லேங்கல. ஆனா எனக்கு மிஷின்தாண்ணே வேணும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேண்ணே. முத நாளே சொன்னேன்."

வெயிலில் வரிசையில் நின்ற வியர்வை கர்ணனின் சட்டையில் காயாமல் இருந்தது. பெட்ஷீட்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, நாற்காலியில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார். இத்தனை நாள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே அந்த முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஷீபா அன்று சாப்பிடவில்லை என்று ஜோயல் பிறகு சொன்னார்.

இந்த வகை மனிதர்கள் அப்படியே இடிந்துபோய்விடுவார்கள் என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. இரண்டு மூன்று நாள் தெருப் பக்கமே தலை தெரியவில்லை. அப்புறம் டீக்கடையில் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். நடுவில் நின்று கர்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலையில மனு குடுத்தோம். மத்தியானம் மிஷின் ஓடுது. எப்படி? விடாமப் பிடிச்சோம்ல."

ஷீபாவிடம் இதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். "அப்படியே இருக்கட்டும் சார். அந்தண்ணன் எங்ககூடப் பேசுனா சரி" என்றாள். பாண்டியம்மாளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்து, கை ஓரத்தில் மாங்காய்க்கொடி போட்டுக் கொடுத்தாள். பாண்டியம்மாள் அதைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார, வயர் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கர்ணன், "நம்ம கேஸ்ல இருந்த மிஷின்தான்" என்று அறிமுகம் செய்தார். சொர்ணலதாவின் மகள் கல்யாணத்தில் அந்த மயிலைப் பார்த்துவிட்டு ஷீபாவைத் தேடி வந்தவர்கள் ஒரு பக்கம். கடைக்கு வயர் வாங்கப் போய் வந்தவர்கள் ஒரு பக்கம். ஷீபாவுக்குக் கை ஓயவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கர்ணனின் கடையை மெயின் ரோட்டிலேயே கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்றி இறக்க யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? அல்தாப்பை. "போன் போட்டா எடுக்குறாருய்யா. மனு குடுத்தாலும் மரியாதையாப் பேசுறாரு. வேற யாரு இருக்கா?" என்றார்.

நானும் ஷீபாவும் ஒத்தாசைக்குப் போயிருந்தோம். பாண்டியம்மாள் ஆசையாகச் செய்து வைத்திருந்த கண்ணாடி ஷோகேஸை இறக்கும்போது ஒரு பையனுக்குக் கால் தடுக்கியது. முன்பக்கக் கண்ணாடி முழுதும் தரையில் சிதறியது. எல்லோரும் அப்படியே நின்றோம். பாண்டியம்மாள் நெஞ்சில் கை வைத்தார். அல்தாப் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அவருக்குக் கலெக்டர் ஆபீஸ் தெரிந்திருக்கும்.

கர்ணன் ஓடிப்போய் அந்தப் பையனின் காலைத்தான் பார்த்தார்.

"கால்ல குத்தலையே தம்பி? சரி விடு, கண்ணாடிதான. அங்கன ஓரமாக் கூட்டித் தள்ளிட்டு அடுத்ததத் தூக்குங்க."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. தன் சாமான் என்று வந்தபோது இந்த மனிதரிடம் ஒரு 'நெக்லிஜென்ஸ்' இல்லை, ஒரு போட்டோ இல்லை. பாண்டியம்மாள் பெருமூச்சு விட்டு, "நம்ம வீட்டுக்குன்னா வாயே தெறக்க மாட்டாக" என்றார். பையன் விளக்குமாற்றை எடுக்கப் போனான். அல்தாப் மூச்சு விட்டார்.

"அள்ளாதீக" என்று ஒரு குரல்.

ஷீபா. கையில் செல்போன். முன்னால் இருந்து ஒன்று எடுத்தாள். பக்கவாட்டில் ஒன்று எடுத்தாள். பிறகு ஸ்டூலைத் தேடினாள்.

"ஷீபாக்கா," என்றார் அல்தாப், அழுகிற குரலில். "அண்ணனே விட்டுட்டாக."

"அவுக விடுவாக. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சும்மா இருங்கண்ணே" என்று கர்ணனையும் ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஷீபா ஸ்டூலில் ஏறினாள். கர்ணனும், என்ன செய்வது என்று தெரியாமல், பாதிக்கப்பட்டவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி உடைந்து, கர்ணன் 'சரி விடு' என்றபோது, 'அதெப்படி விடலாம், புதுக் கண்ணாடி போட்டுத் தரச் சொல்ல வேண்டாமா' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்கவில்லையென்றால் நீங்கள் தப்பித்தீர்கள். உங்கள் தெருக்காரர்களும் தப்பித்தார்கள். கேட்டதென்றால், இன்று உங்கள் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது சாமான் லாரி வந்து நின்றால் தயவுசெய்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள்.

சாத்தத்தானே எழுந்தீர்கள்? அப்புறம் எதற்குச் செருப்பைத் தேடுகிறீர்கள்?